கத்தரிக்கோலைக் கீழ வை, மருமவனே

ஏல, அந்தக் கத்தரிக்கோலைக் கீழ வை. அது ஒங்கத்தை ரவிக்கைத்துணி வெட்டுத கத்தரி. கார்டை வெட்டி மொனை மழுங்கிப்போச்சுன்னா ராத்திரிச் சோறு ஒனக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது. உக்காரு. இந்த மோரைக் குடி. பொறவு குதிக்கலாம்.

நடந்ததை நானே சொல்லுதேன், சரியா இருக்கான்னு பாரு. கொழுந்தியா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கத் திருநெல்வேலிக்குப் போனிய. பொம்பளையாளுக எட்டுப் பேரு, ஆம்பளையாளுன்னு நீயும் ஒம் மாமனாரும். நாலு மணி நேரம் சேலையை விரிச்சுப் போட்டு விரிச்சுப் போட்டுக் கடைப்பயலுக்கு இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம். கடைசில 78,000 ரூவாய்க்குப் பில்லு. ஒடனே நீ காலரைச் சரி பண்ணிக்கிட்டு, “மாமா, நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிடுதேன்”னு கார்டை உருவியிருக்க. ஊமைத்துரை வாளை உருவுன மாதிரி இருந்துச்சுன்னு ஒங்கம்மை சொல்லுதா. பில்லுப் போடுத பய மெசின்ல சொருகுனான். டிக்லைன். மறுபடி சொருகுனான். டிக்லைன். மூணாவது தடவை நீயே பிடுங்கிச் சொருகுன. அதுக்குள்ள ஒம் மாமனாரு வேட்டி மடிப்பை அவுத்து, 500 ரூவா நோட்டா 156 எண்ணி வச்சுட்டாரு. எட்டுப் பொம்பளையும் அவருகூடச் சேர்ந்து எண்ணியிருக்காளுக. சத்தம் போட்டு.

இப்ப வந்து, “பேங்க்காரன் என்னைச் சபையில வச்சு அசிங்கப்படுத்திட்டான்”னு நிக்குத. கணக்குல பணம் இருக்கான்னு கேட்டா, “ஒன்னேமுக்கால் லட்சம் கெடக்கு மாமா”ங்குத. சரி, பணம் கெடக்கு. ஒனக்கும் கோவம் கெடக்கு. ஆனா ஒத்தக் கேள்வி நீ கேக்கலையே: ‘இல்லை’ன்னு சொன்னது யாரு, எதுக்குச் சொன்னான்?

கெழவனுக்குக் கார்டைப் பத்தி என்ன தெரியும்னு மனசுக்குள்ள நெனைக்கத. நெனைச்சுக்கோ. நான் இந்த ஊர்ல முப்பது வருசம் பலசரக்குக் கடை வச்சவன். பற்று நோட்டு போட்டே ஊருக்குச் சோறு போட்டவன். கடன் குடுக்க எந்தக் கோட்டிக்காரனுக்கும் தெரியும். எவனுக்கு எந்த நேரத்துல இல்லைன்னு சொல்லணும்னு தெரிஞ்சவன்தான் கடையை முப்பது வருசம் நடத்துவான். ஒன் பேங்க்காரன் கம்ப்யூட்டர்ல பண்ணுத வேலையை நான் காதுல சொருகுன பென்சிலை வச்சுப் பண்ணுனேன். மிச்ச வெவரத்துக்கு எம் பேத்தி இருக்கா. மெட்ராஸ்ல ஒரு பேங்க்ல கார்டு பிரிவுல வேலை பாக்கா. பொங்கலுக்கு வந்தா கரும்பு கடிச்சுக்கிட்டே எனக்குப் பாடம் நடத்துவா. நீ அப்பவெல்லாம் ஜல்லிக்கட்டு பாக்கன்னு டிவி முன்னால கெடப்ப.

மொத வெவரம். கடைப்பயலை மொறைச்சியாமே? அவன் என்னல செய்வான்? மெசின்ல கார்டைச் சொருகுனதும் சேதி கடைக்கு மெசின் குடுத்த பேங்க்குக்குப் போவுது. அங்கன இருந்து நடுவுல நிக்குத விசா, மாஸ்டர்கார்டு, ரூபே இதுல ஒன் கார்டு எந்தச் சாதியோ அங்க போவுது. அவன் ஒனக்குக் கார்டு குடுத்த பேங்க்குல போய்க் கதவைத் தட்டுதான். “இந்த ஆளு 78,000 கேக்கான், குடுக்கலாமா?” அந்தப் பேங்க் கணக்கைப் பாத்து, பூட்டைப் பாத்து, ஆளைப் பாத்து, சரின்னோ இல்லைன்னோ சொல்லுது. அந்தப் பதிலு வந்த வழியே திரும்பி மெசினுக்கு வருது. எல்லாம் நீ ஒரு கொட்டாவி விட்டு முடிக்கதுக்குள்ள. கடைக்காரன் தபால்காரன் மாதிரி. லெட்டர்ல கெட்ட சேதி இருந்தா தபால்காரனை அடிக்கியா?

சில சமயம் சேதி பேங்க்குக்கே போயிருக்காது. கார்டுல மஞ்சள்கலரா ஒரு தகடு இருக்குல்லா, சிப்பு, அதுல அழுக்கு ஏறியிருந்தா மெசினுக்குக் கண்ணு தெரியாது. ஒங்கப்பன் வெத்தலைப் பொட்டிக்குள்ள கார்டை வச்சு, சிப்புல சுண்ணாம்பு அப்பி, “பேங்க் திவாலாயிட்டு”ன்னு ஊரைக் கூட்டுனாரு. துண்டால தொடச்சுக் குடுத்தேன், வேலை செஞ்சுது. நெட்டுல நம்பர் அடிக்கும்போது ஒண்ணு மாறிப்போனாலும் இதே கதைதான். கார்டு நம்பர்ல கடைசி எலக்கம் இருக்கு பாரு, அது முன்னால உள்ள எலக்கத்துக்கெல்லாம் சாட்சி. கூட்டிக் கழிச்சுப் பாத்தா அது ஒத்துவரணும். ஐபிஎம் கம்பெனில இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச கணக்கு அது. 1960-ல அதுக்குக் காப்புரிமையும் வாங்குனாரு. கணக்கு ஒத்துவரலைன்னா வெப்சைட்டே வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பிரும். பேங்க்காரனுக்கு ஒன் மூஞ்சியே தெரியாது, அவனை ஏன் ஏசணும்?

ஒன் கார்டு சங்கதி அப்பிடி இல்ல. சேதி பேங்க்குக்குப் போயி, பேங்க்தான் இல்லைன்னு சொல்லியிருக்கு. சொல்லும்போது சும்மா சொல்லாது, ரெண்டு எலக்கத்துல ஒரு நம்பர் வச்சுச் சொல்லும். எம் பேத்தி ஒரு தாளுல எழுதிக் குடுத்தா, சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருக்கேன். 51 வந்தா கணக்குல பணம் இல்ல. 54 வந்தா கார்டு காலாவதி. 55 வந்தா பின் நம்பர் தப்பு. 75 வந்தா தப்புப் பின்னைப் போட்டுப் போட்டு வாய்ப்பைத் தொலைச்சுட்டேன்னு அர்த்தம். 57 வந்தா இந்தச் சோலிக்கு இந்தக் கார்டுக்கு அனுமதி இல்ல. 61 வந்தா தொகை வரம்பைத் தாண்டிருச்சு. 65 வந்தா எண்ணிக்கை தாண்டிருச்சு. 41 காணாமப்போன கார்டு, 43 களவுபோன கார்டு. 91 வந்தா ஒம் பேங்க்கு கம்ப்யூட்டரே அந்நேரம் எழுந்திரிக்கல.

05-ன்னு ஒண்ணு இருக்கு மருமவனே, அதுதான் நம்ம ஊர்ப் பெரிய மனுசன். ‘ஏத்துக்கிடாதே’, அம்புட்டுதான். காரணம் கெடையாது. பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட, “ஜாதகம் பொருந்தல”ன்னு சொல்லி அனுப்புவோம்லா, அது மாதிரி. பையன் குடிக்கான்னும் இருக்கும், பையனோட அம்மை வாயாடின்னும் இருக்கும், வந்தவங்க காப்பியைக் குறை சொன்னதும் இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே பதில்: ஜாதகம் பொருந்தல. பேங்க்கும் வெவரம் சொல்லப் பிரியமில்லாத எடத்துல 05-ஐப் போட்டு அனுப்பிரும். காரணத்தைச் சொன்னா என்னன்னு நீ கேப்ப. கார்டைக் களவாண்டவன் கையில மெசின் இருந்தா? “இந்த ஓட்டை அடைச்சிருக்கு, அடுத்த ஓட்டையில வா”ன்னு அவனுக்கு வழி சொன்ன மாதிரி ஆயிரும். அதனாலதான் மெசின் கடைக்காரன்கிட்ட வெவரம் பேசாது. கார்டுக்கு ஒடமஸ்தன் பேங்க்கைக் கூப்பிட்டுத்தான் கேக்கணும். கார்டு முதுகுல நம்பர் போட்டிருக்கு. ஒனக்கு முன்பக்கம் காட்டத்தான் நேரம்.

சரி, இப்ப ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வருவோம். பேன் பாக்கத மாதிரி நெதானமாப் பாக்கணும்.

பணம் இருக்குங்குத, அதனால 51 இல்ல. ஆனா ஒண்ணு சொல்லி வைக்கேன். பணம் இருந்தும் 51 வரும். பெரிய ஓட்டல்ல ரூம் எடுத்தா, போவும்போது கணக்கு முடிக்கதுக்கு முன்னால, கார்டுல ஒரு தொகையைப் புடிச்சு நிறுத்தி வைப்பான். பணம் ஒன் கணக்குல இருக்கும், ஆனா தொட முடியாது. வயல்ல நெல்லு நிக்கும், ஆனா அறுவடைக்கு முன்னாலயே ஒருத்தன் அட்வான்ஸ் போட்டிருப்பான். அது ஒன் நெல்லா? கிரெடிட் கார்டுன்னா இன்னொரு சங்கதி. லிமிட்டுக்கு மேல செலவழிக்க நீயா வாயைத் திறந்து சம்மதம் சொன்னாத்தான் விடணும்னு ரிசர்வ் பேங்க் 2022-ல விதி போட்டிருக்கு. முன்னயெல்லாம் தாராளமா விட்டுட்டுப் பொறவு அபராதம் போட்டு உருவுவான். இல்லைன்னு சொல்லுதவனைவிட அந்தத் தாராளக்காரன்தான் பொல்லாதவன்.

கார்டைக் காட்டு. தேதி போட்டிருக்கா? அந்த மாசத்துக் கடைசி நாளு வரைக்கும் செல்லும். ஒனக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. 54 இல்ல. பின் நம்பர்? “அது எப்பவும் போல எம் மவன் பொறந்த வருசம்தான்”னு இப்பிடிச் சத்தமாச் சொல்லுதியே, கூறுகெட்ட மூதி, தெருவுல போறவனுக்குக் கேக்கட்டும்! நாளைக்கே மாத்து. சரி, 55-ம் இல்ல. ஆனா கேளு, பெரும்பாலான பேங்க்ல மூணு தடவை பின் நம்பர் தப்பாப் போச்சுன்னா அன்னைக்குக் கார்டு முடங்கிரும். அதனால முத தடவை இல்லைன்னதும் நிப்பாட்டணும். ரெண்டாவது தடவை யோசிச்சுப் போடணும். மூணாவது தடவை கையைக் கட்டிக்கிடணும். நீ கோவத்துல மறுபடி மறுபடி சொருகுனா அங்க உக்காந்திருக்கவன், “இந்தக் கார்டை எவனோ வச்சுக்கிட்டு முட்டிப் பாக்கான்”னுதான் நெனைப்பான்.

அடுத்தது 57, அனுமதி. இதுல ஒன் கதை ஒண்ணு எங்கிட்ட இருக்கு. போன வருசம் வெளிநாட்டு வெப்சைட்ல ஓட்டப்பந்தயச் செருப்பு வாங்கப் போயி, கார்டு போவலன்னு மூணு நாள் மொகத்தைத் தூக்கி வச்சிருந்தியே? அது எதுக்குன்னு தெரியுமா? 2020 சனவரில ரிசர்வ் பேங்க் ஒரு உத்தரவு போட்டுச்சு. கார்டு புதுசாக் குடுக்கும்போது உள்நாட்டு ஏடிஎம்முக்கும், கடையில மெசின்ல சொருகிப் போடுததுக்கும் மட்டும்தான் தொறந்திருக்கணும். நெட்டுல வாங்குதது, வெளிநாட்டுச் செலவு, மெசின்ல சும்மா தட்டிட்டுப் போறது, இந்த மூணு கதவும் பொறக்கும்போதே அடைச்சுத்தான் இருக்கணும். ஒடமஸ்தன் கேட்டாத்தான் தொறக்கணும். கொரோனாவால தள்ளிப்போயி அந்த அக்டோபர் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. பழைய கார்டுக்காரங்க அதுவரைக்கும் நெட்டுக்கோ வெளிநாட்டுக்கோ ஒரு தடவைகூட எடுத்ததில்லைன்னா, அவங்களுக்கும் அந்தக் கதவை அடைக்கச் சொன்னாங்க. நீ வெளிநாட்டுக் கதவைத் தொறக்கவே இல்ல. அடைச்ச கதவுல முட்டிக்கிட்டு, வீட்டுக்காரன் மரியாதை தெரியாதவன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச.

அந்தக் கதவை ஏன் அடைச்சாங்கன்னும் கேளு. நம்ம நாட்டுல கார்டை நெட்டுல போட்டா ஓடிபி மாதிரி இன்னொரு சாட்சி கேக்கணும்னு 2009-லயே ஏற்பாடு. கடையில டெபிட் கார்டுக்குப் பின் நம்பர் வேணும்னு 2013 டிசம்பர்ல இருந்து நடைமுறை. வெளிநாட்டுல எத்தனையோ வெப்சைட்டு இந்தச் சாட்சி எதையும் கேக்காது. கார்டுல அச்சடிச்சிருக்க நம்பர் தெரிஞ்சாப் போதும், உருவிருவான். அதனால அந்தக் கதவு அடைச்சுக் கெடக்கதுதான் ஒனக்கு நல்லது. தேவைன்னா தொற, செருப்பு வந்ததும் அடை. கோழிக்கூட்டுக்கு என்ன நியாயமோ அதே நியாயம்.

தட்டிட்டுப் போற சோலிக்கும் ஒரு கணக்கு உண்டு. பின் நம்பர் இல்லாம 2,000 வரைக்கும்னு இருந்துச்சு. 2021 சனவரி 1-ல இருந்து 5,000 ஆக்குனாங்க. அதுக்கு மேலன்னா பின் நம்பர் கேக்கும். தட்டுனது போவலன்னா ஒடனே மூஞ்சியைச் சுளிக்காம சொருகிப் பாரு.

அனுமதியில்லாத சரக்குன்னும் இருக்கு. மெசினுக்கு மெசின் இது நகைக்கடை, இது பெட்ரோல் பங்க், இது சூதாட்டம்னு ஒரு நம்பர் குத்தியிருப்பான். அந்த நம்பரைப் பாத்தே பேங்க் சிலதைத் தள்ளிவிட்டுரும். ஒங்க சித்தப்பன் வெளிநாட்டு லாட்டரிச் சீட்டு நெட்டுல வாங்கப் பாத்தான்லா? வெளிநாட்டு லாட்டரிக்கு இங்க இருந்து பணம் அனுப்பச் சட்டத்துலயே வழி கெடையாது. நம்ம தமிழ்நாட்டுல 2003-லயே லாட்டரியை நிப்பாட்டியாச்சு. அவனுக்கு மட்டும் இன்னும் சீட்டுக் குலுக்கிக்கிட்டு இருக்கு, மண்டைக்குள்ள.

பொறவு மாசாமாசம் தானா எடுக்குத சமாச்சாரம். ஒம் மவன் பாக்குத சினிமா ஆப்புக்குப் பணம் போவலன்னு அன்னைக்கு அழுதானே? 2021 அக்டோபர்ல இருந்து அதுக்கு ஒரு ஒழுங்கு. எடுக்கதுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னால ஒனக்குச் சேதி வரணும். பதிவு பண்ணும்போது ஒரு தடவை ஓடிபி போட்டிருக்கணும். 15,000 வரைக்கும் அப்பறம் தானாப் போவும். இன்சூரன்சு, மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில்லு இதுக்கெல்லாம் ஒரு லட்சம் வரைக்கும் விடுதாங்க. முறையாப் பதிவு பண்ணலைன்னா பேங்க் திருப்பி அனுப்பிரும். புதுக் கார்டு வந்தா பழைய கார்டு குடுத்த எடத்துக்கெல்லாம் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வா. வீடு மாறுனா பால்காரன்கிட்டச் சொல்ல மாட்டியா?

இப்ப சுவாரசியமான எடத்துக்கு வருவோம். ஒன்னைக் கள்ளன்னு நெனைச்சுத் திருப்பி அனுப்பியிருப்பானோ?

மொறைக்காத. ஒரு கதை சொல்லுதேன். மேலத்தெருவுல ஒரு பெரியவரு. தினம் வெத்தலையும் ஒரு கட்டுப் பீடியும் வாங்குவாரு, நோட்டுல எழுதச் சொல்லுவாரு. பத்து வருசமா அதேதான். ஒருநாள் நடுச்சாமத்துல கடைக் கதவு படபடன்னு தட்டுது. “பெரியவரு அனுப்புனாரு, ஒரு மூட்டைச் சீனியும் ரெண்டு டின்னு எண்ணெயும் அவரு பற்றுல எழுதிட்டுத் தரணுமாம்”னு ஒரு பய நிக்கான். வேத்தூர்ப் பய. நான் குடுப்பேனா? மனுசன் பத்து வருசமா வெத்தலை வாங்குதாரு, ராத்திரி ஒரு மணிக்கு எதுக்குச் சீனி மூட்டை? கதவைத் தொறக்காமலே, “வெள்ளன வா”ன்னுட்டேன். வெள்ளன அந்தப் பயலைக் காணோம்.

பேங்க் கம்ப்யூட்டரு செய்யுதது இதேதான். நீ வழக்கமா எந்த ஊர்ல, எந்த நேரத்துல, எம்புட்டுச் செலவழிக்கேன்னு பாத்துப் பழகி வச்சிருக்கும். காலையில தென்காசில காய்கறி வாங்குன கார்டு, அரைமணி நேரத்துல வேற நாட்டுல டிவி வாங்கப் பாத்தா அதுக்குச் சந்தேகம் வரும். பத்து ரூவா, இருபது ரூவான்னு வரிசையா எடுத்துப் பாத்துட்டுச் சட்டுனு நாப்பதாயிரம் கேட்டாலும் அதுக்கு மூக்குல வேர்க்கும். களவுக் கார்டு உசுரோட இருக்கான்னு பாக்கத கள்ளன் முதல்ல சின்னத் தொகையைத்தான் போட்டுப் பாப்பான். எங்கடையில தீப்பெட்டியைக் கடன் கேட்டுப் பாத்துட்டு அரிசி மூட்டை கேக்குதவன் மாதிரி.

இதுல நல்லவனும் மாட்டுவான், அதை மறைக்க மாட்டேன். நெசமாவே அந்தப் பெரியவரு வீட்டுல நடுச்சாமத்துல விருந்தாளி வந்திருந்தா? என்னை ஏசியிருப்பாரு, நானும் வாங்கிக் கட்டியிருப்பேன். கம்ப்யூட்டரும் கல்யாணச் செலவையும் களவையும் சில சமயம் ஒண்ணாப் பாத்துரும். அதுக்காக, பெரிய செலவு, வெளியூரு, வெளிநாடுன்னு போறவன் பேங்க் நம்பரைக் கைவசம் வச்சிருக்கணும். பேங்க்ல இருந்து, “நீங்கதானா?”ன்னு போன்ல சேதி வந்தா பதில் சொல்லணும்.

ஆனா இந்தச் சேதியிலயும் ஒரு சூது இருக்கு, காதைத் தீட்டிக்கோ. கார்டு டிக்லைன் ஆனவன் மனசு பதறிக் கெடக்கும். அந்நேரம் எவனாவது போன்ல, “சார், ஒங்க கார்டு பிளாக் ஆயிட்டு, ஓடிபி சொன்னாத் தொறந்து விடுதேன்”னு தேனொழுகப் பேசுவான். எந்தப் பேங்க்காரனும் ஓடிபி கேக்க மாட்டான். கேக்குதவன் பேங்க்காரன் இல்ல. நீயா ஓடிபியைச் சொல்லிப் பணம் போச்சுன்னா, நீ பேங்க்ல சொல்லுத வரைக்கும் போன நட்டம் ஒன்னுது. ஒன் மேலயும் பேங்க் மேலயும் தப்பில்லாம மூணாவது ஆளு களவாண்டா, சேதி வந்து மூணு வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொல்லிட்டா ஒனக்கு நட்டம் கெடையாதுன்னு 2017-ல விதி போட்டிருக்கு. பணம் போனது தெரிஞ்ச நிமிசமே சைபர் குத்தப் புகாருக்கான 1930 நம்பருக்கும் அடி. பஞ்சாயத்து, சாமியாடி, மந்திரவாதியெல்லாம் பொறவு.

பேங்க் பேருலயும் தப்பு உண்டு, நான் அவனுக்கு வக்காலத்து வாங்க வரல. 91 வந்தா அவன் கம்ப்யூட்டரு படுத்துக் கெடக்குன்னு அர்த்தம், ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல. பத்து நிமிசம் கழிச்சுப் பாரு. இன்னொரு கொடுமை, மெசின்ல இல்லைன்னு வரும், ஆனா கணக்குல இருந்து பணம் போயிரும். அப்ப நீ கோவப்படணும், அங்க கோவப்பட்டா நான் ஒன் பக்கம். கடையில துண்டுச்சீட்டு வராமப் பணம் புடிச்சிருந்தா, அன்னையில இருந்து அஞ்சு நாளுக்குள்ள அது தானாத் திரும்பி வரணும். வராட்டா நாளுக்கு 100 ரூவா ஒனக்கு அவன் தரணும். ஏடிஎம்ல நோட்டு வராமக் கணக்குல கழிச்சாலும் இதே கணக்குதான். 2019 அக்டோபர் 15-ல இருந்து ரிசர்வ் பேங்க் வச்சிருக்க விதி. எழுதிக் குடு, சீட்டை வச்சுக்கோ. முப்பது நாளுல பேங்க் பதில் சொல்லலைன்னா, இல்ல சொன்ன பதில் பிடிக்கலைன்னா, ரிசர்வ் பேங்க் ஒம்புட்ஸ்மேன்கிட்டப் போ. அதுக்குக் காசு கெடையாது. டீக்கடையில பேங்க்கை ஏசுதவன் ஆயிரம் பேரு, ஒரு தாளுல எழுதிக் குடுத்தவன் பத்துப் பேரு இருந்தா அதிசயம்.

சரி, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதுக்கு முன்னால கடைசிக் கதை.

எங்கடைக்கு ஒருத்தரு வருவாரு. கையில காசு நிக்காது, சாயங்காலம் ஆனா காலு கள்ளுக்கடைப் பக்கம் போவும். ஒருநாள் காலையில நல்ல புத்தியோட வந்து, “அண்ணாச்சி, எம் பேருல 50 ரூவாய்க்கு மேல யாருக்கும் கடன் குடுக்காதிய. நானே வந்து கேட்டாலும் குடுக்காதிய”ன்னு கையைப் புடிச்சுச் சொன்னாரு. எழுதி வச்சுக்கிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு அவரு மவளுக்குச் சடங்கு. 200 ரூவாய்க்குச் சரக்கு கேட்டு வந்தாரு, சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு. நோட்டை விரிச்சேன். 50-ன்னு போட்டிருக்கு. இல்லைன்னுட்டேன். “ஊரு முன்னால அசிங்கப்படுத்திட்டியே”ன்னு என்னை மூணு மாசம் ஏசுனாரு. நோட்டுல அவரு சொன்னதைத்தான் எழுதியிருந்தேன். என்னை ஏசலாம், நோட்டை ஏசலாம். வந்து ஒரு வார்த்தை, “இன்னைக்கு மட்டும் 200-ன்னு மாத்திக்கிடுங்க”ன்னு சொல்லியிருந்தா எழுதிட்டுப் போயிருப்பேன்.

இப்ப போனை எடு. மெசேஜைத் தொற. பேங்க் பேருல ஏதாவது வந்திருக்கா? கடையில நீ ஏசிக்கிட்டு நிக்கும்போதே வந்திருக்கும். ஒனக்குத்தான் படிக்க நேரமில்ல, பார்வையெல்லாம் 156 நோட்டு மேல. வாசி. சத்தமா வாசி. ‘தினசரி வரம்பைத் தாண்டியதால்...’ ம்ம், மேல வாசி. ஏன் தொண்டை அடைக்குது, மோர் குடி.

61 மருமவனே, 61. சாமி படத்துக்குப் பின்னாலயே இருந்துச்சு. அந்த வரம்பை வச்சது யாரு? பங்குனி மாசம் இதே திண்ணையில உக்காந்துக்கிட்டு, எவனோ கார்டுல ஏமாந்த வீடியோவைப் பாத்துட்டு, பயந்துபோயி, பேங்க் ஆப்புல போயி கடைச் செலவு நாளுக்கு 25,000-க்கு மேல போவக்கூடாதுன்னு குறைச்சு வச்ச. வச்சுட்டு, “மாமா, இனி எவனாலயும் எம் பணத்தைத் தொட முடியாது”ன்னு எங்கிட்டத்தான் பெருமை அடிச்ச. சொன்னபடியே நடந்துச்சு பாத்தியா, ஒன்னாலயே தொட முடியல! பூட்டும் நீ போட்டது, சாவியும் ஒன் சட்டைப்பையில. பூட்டுன கதவு முன்னால நின்னுக்கிட்டு வாச்மேனை ஏசியிருக்க. மூணு தடவை இல்ல, முப்பது தடவை சொருகுனாலும் 78,000 எப்பிடிய்யா 25,000-க்குள்ள நுழையும்? அந்தப் பெட்டியடியிலயே போனை எடுத்து, வரம்பைக் கூட்டிட்டு நாலாவது தடவை சொருகியிருந்தா, ஒம் மாமனாரு மடிப்பு அவுந்திருக்காது.

எனக்கு இது மொதல்லயே தெரியுமான்னு கேக்குதியா? நீ வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே தெரியும். மொதல்லயே சொல்லியிருந்தா ‘அட’ன்னு ஒரு வார்த்தையோட எழுந்து போயிருப்ப. இவ்வளவு வெவரம் காதுல ஏறியிருக்குமா? ஒன் கோவத்துக்கும் ஆற நேரம் வேணும்லா.

அதுக்காகப் பயந்து குறைச்சது தப்புன்னு சொல்லல. நல்ல காரியம்தான் பண்ணியிருக்க, பண்ணுனதை மறந்துட்ட, அம்புட்டுதான். பெரிய செலவுக்குப் போற அன்னைக்குக் காலையில வரம்பைக் கூட்டு. வீட்டுக்கு வந்ததும் குறை. குறைக்க மறந்தா, கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குன மாதிரி. இனிமே எந்த மெசின் இல்லைன்னு சொன்னாலும் மொதல்ல போன்ல வந்த சேதியை வாசி, அதுல புரியலைன்னா கார்டு முதுகுல இருக்க நம்பருக்குப் பேசு. அதுக்குப் பொறவும் கோவம் மிச்சம் இருந்தா கடைப்பயலை விட்டுட்டு பேங்க்குக்கு எழுதிக் குடு.

நாளைக்கு வெள்ளன போயி ஒம் மாமனாருக்கு 78,000-த்தைத் திருப்பிக் குடு. நோட்டாக் குடு, அந்த எட்டுப் பேரும் மறுபடி எண்ணட்டும். எடுக்க நேரா பேங்க் கவுண்டருக்குப் போ, ஏடிஎம்முக்குப் போயிராத. பங்குனில நீ பயந்த பயத்துக்கு அதுக்கும் ஒரு வரம்பு வச்சிருப்ப. அந்தக் கத்தரிக்கோலை ஒங்கத்தைகிட்டக் குடுத்துட்டுப் போ.